பாய்லர் பழுது: பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

பிரிட்டனில் குளிர் இறங்கியதும் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பாய்லரில் அழுத்தம் குறைந்துவிட்டது, தண்ணீர் ஏற்றினேன், சரியாகிவிட்டது." சரியாகவில்லை. அடுத்த வாரம் அழுத்தமானியின் முள் மறுபடி இறங்கும், மறுபடி ஏற்றுவார்கள். வீட்டுக் கேஸ் பாய்லரை அதிகம் கெடுப்பது இந்தப் பழக்கம்தான் என்பேன்.

வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் சுற்று ஒரு மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பிய தண்ணீரே பாய்லருக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் சுற்றிவர வேண்டும். ஆறிய நிலையில் முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை நிற்கும். அது அடிக்கடி இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது. ஈடுசெய்ய ஏற்றும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய் ரேடியேட்டர் இரும்பை அரிக்கிறது. ஏற்கெனவே ஊற்றியிருந்த துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகிறது. லண்டனைப் போலக் கடின நீர் வரும் ஊர்களில் சுண்ணாம்பும் சேரும். இரண்டு குளிர்காலம் இப்படி ஓட்டினால் கரிய சேறு பம்பிலும் வெப்பப் பரிமாற்றியிலும் அடைத்துக்கொள்ளும். அவற்றை மாற்றும் செலவு முதல் கசிவை அடைப்பதைவிடப் பல மடங்கு.

காரணத்தை முள்ளே சொல்லும். ஹீட்டிங் ஓடும்போது 3 பாரை நெருங்கி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால், முதல் சந்தேகம் எக்ஸ்பான்ஷன் வெசல் மேல். ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் ஒருசேரத் தரும் காம்பி பாய்லர்கள் பெரும்பாலானவற்றில் பின்புறமாக ஒளிந்திருக்கும் தட்டையான இரும்புக் கலன் அது. நடுவில் ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் காற்று. சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுப்பது அந்தக் காற்று. காற்று இறங்கிவிட்டால் தண்ணீர் விரிய இடமில்லை. அழுத்தம் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாய் வழியே தண்ணீரைக் கொட்டிவிடும். அந்தக் குழாயின் வாயில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் பையில் தண்ணீர் இருந்தால் தரையைப் பெயர்த்துக் கசிவு தேட வேண்டியதில்லை.

கலனைச் சோதிப்பதும் எளிது. கார் டயரில் உள்ளதே போன்ற காற்று வால்வு அதில் இருக்கும். அதன் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீறிட்டால் திரை கிழிந்துவிட்டது, கலனை மாற்றித்தான் ஆக வேண்டும். தண்ணீர் வராவிட்டால் காற்றடித்தாலே போதும். பல மாடல்களுக்கு 0.75 முதல் 1 பார் வரை, சரியான அளவு கையேட்டில் இருக்கும். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்காமலே காற்றடிப்பது. அப்போது காற்றடிக்கும் பம்பு காட்டும் அளவு பொய்யானது. இன்னொன்று, ஒழுகும் பாதுகாப்பு வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போவது. கலனில் காற்று இல்லாதவரை புது வால்வும் திறக்கும். கலனை மட்டும் சரிசெய்தாலும் போதாது. ஒருமுறை திறந்த வால்வின் மூடி அமரும் இடத்தில் துரு சிக்கிக்கொண்டு அது மறுபடி முழுதாக மூடாமல் போவது சாதாரணம். இரண்டையும் ஒரே வருகையில் முடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த பெரிய வீண்செலவு போர்டு, அதாவது மின்சுற்றுப் பலகை. பாய்லர் பற்றவில்லை என்றதும் "போர்டு போய்விட்டது" என்று சொல்வது எளிது, விலையோ அதிகம். தீ பற்றிய உடனே அணைகிறதா? பல மாடல்களில் பொறி கொடுக்கும் மின்முனையே சுடர் இருப்பதையும் உணர்ந்து சொல்கிறது. அதில் படிவு ஏறினால் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே போர்டு "சுடர் இல்லை" என்று கேஸை நிறுத்திவிடும். போர்டின் விலையில் சிறு பங்குகூட ஆகாத பாகம் அது. போர்டு உண்மையிலேயே எரிந்திருந்தால், ஏன் எரிந்தது என்று கேளுங்கள். மேலே உள்ள காற்றுப்போக்கியோ இணைப்போ சொட்டியிருந்தால், அதை அடைக்காமல் மாட்டும் புது போர்டுக்கும் அதே கதிதான்.

கடும் உறைபனி நாளில் பாய்லர் நின்று, உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் பாகம் எதையும் தொட வேண்டாம். பாய்லரில் புகைவாயு குளிர்ந்து உண்டாகும் கழிவுநீரை வெளியே கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரை ஊற்றி இளக்கி, பாய்லரை மறுபடி இயக்குங்கள், கொதிநீர் வேண்டாம். வெளியே ஓடும் அந்தக் குழாய் 32 மில்லிமீட்டர் விட்டமும் வெப்பக் காப்புறையும் கொண்டதாக இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சர்வீஸ் என்ற பெயரில் மூடியைக் கழற்றித் தூசி தட்டிக் கையெழுத்துப் போட்டுப் போவதை ஏற்காதீர்கள். புகைவாயு பகுப்பாய்வியின் குழலைச் சோதனைத் துளையில் நுழைத்துப் பார்க்காதது சர்வீஸே அல்ல. கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. பகுப்பாய்வி அச்சிட்டுத் தரும் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். பர்னர் கதவைத் திறந்தால் அதன் முத்திரை வளையத்தையும் மாற்ற வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பழைய வளையத்தையே அழுத்தி மூடுவது சில பவுண்டுக்காகச் செய்யும் ஆபத்தான சிக்கனம். கேஸ் வால்வை மாற்றியபின் பகுப்பாய்வியை வைக்காமல் விடுவது அதைவிட மோசம்.

கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. வீட்டில் இருக்கும்போது தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் தெளிகிறது என்றால் உடனே பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளியேறி 0800 111 999 எண்ணை அழையுங்கள். கேஸ் மணம் வந்தாலும் இதே எண்தான். உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவ உதவியையும் நாடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பொருத்துவது கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சர்வீஸுக்கு மாற்று அல்ல.

கேஸ் பாதைகளையும் எரியறையையும் தொடும் வேலையை கேஸ் சேஃப் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கொடுங்கள். 2009 ஏப்ரல் முதல் கிரேட் பிரிட்டனில் கார்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்தில் இருக்கும், கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு அது. தெரிந்தவர், ஊர்க்காரர், மலிவாகச் செய்வார் என்பதெல்லாம் இந்த வேலைக்குத் தகுதி ஆகாது. அட்டையின் முன்பக்கத்தைக் காட்டினால் திருப்பச் சொல்லுங்கள்: அவர் எந்தெந்தச் சாதனங்களைத் தொடலாம் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். அடுப்புக்குத் தகுதி பெற்றவருக்கு பாய்லருக்கும் தகுதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1998 கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, சாதனத்தில் வேலை செய்தவர் புகைபோக்கி, காற்று வரத்து, கேஸ் அழுத்தம் அல்லது வெப்ப அளவு, பாதுகாப்பான இயக்கம் ஆகியவற்றைச் சோதித்துவிட்டே போக வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கேஸ் பாதுகாப்புச் சோதனையும் சர்வீஸும் ஒன்றல்ல. சோதனை முடிந்த 28 நாளுக்குள் அதன் பதிவு உங்கள் கைக்கு வர வேண்டும். அது வந்திருந்தாலும் பர்னரும் மின்முனையும் திறந்து பார்க்கப்படாமலே இருக்கலாம். கடைசியாக முழு சர்வீஸ் நடந்தது எப்போது, தேதி எழுதிய ஏடு இருக்கிறதா என்று வீட்டு உரிமையாளரிடம் தனியாக எழுதிக் கேளுங்கள்.