சின்ன வெங்காயப் புளிக்குழம்பு: முதல்முறை சமைப்பவர்களுக்கு

புளிக்குழம்பு சரியாக அமையவில்லை என்றால் பழி புளியின் மேல் விழும், இல்லையென்றால் மிளகாய்த்தூளின் மேல். என்னைக் கேட்டால் பெரும்பாலும் குறை வெங்காயத்தை வதக்கும் இடத்தில்தான் இருக்கும். அரைகுறையாக வதங்கிய வெங்காயத்தின் மேல் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் பிறகு எத்தனை நேரம் கொதிக்கவிட்டாலும் அது எளிதில் மசியாது. புளிப்பு எந்தக் காயையும் இறுக்கிப் பிடித்துச் சீக்கிரம் வேகவிடாது. அதனால்தான் வீட்டில் பெரியவர்கள் காய் வெந்த பிறகே புளி ஊற்றுவார்கள். மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிட்டு, இந்தக் குறிப்பில் வதக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

தேவையானவை (4 பேருக்கு)

சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு 10 பல், நடுத்தரத் தக்காளி 1, சிறிய எலுமிச்சம்பழ அளவு புளி (ஏறக்குறைய 25 கிராம்), குழம்புத்தூள் ஒன்றரை மேஜைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை 2 கொத்து, சுண்டைக்காய் அளவு வெல்லம், தேவையான உப்பு.

வீட்டில் குழம்புத்தூள் இல்லையென்றால் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புளிக்குழம்பு எண்ணெய் கேட்கும். நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றினாலும் குழம்பு வரும், அந்த மணம் வராது.

1. ஊறவைத்தல், உரித்தல்

புளியை ஒன்றரைக் குவளை வெந்நீரில் போட்டு 20 நிமிடம் விடுங்கள். அதே நேரத்தில் வெங்காயத்தையும் ஒரு பாத்திரத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறிய வெங்காயத்தின் தோல் இரண்டு விரலால் இழுத்தாலே சுலபமாகக் கழன்று வரும்.

வெங்காயத்தின் திசு உடையும்போது கந்தகம் கலந்த ஓர் ஆவி கிளம்புகிறது. கண்ணைக் கரிக்கவைப்பது அதுதான். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கி அந்த ஆவியை இன்னும் அதிகமாக்கும். கூரான கத்தியை எடுங்கள். தலையையும் வேரையும் மேலோட்டமாகச் சீவினால் போதும். வேர்ப்பக்கத்தை ஆழமாக வெட்டிவிட்டால் வதங்கும்போது வெங்காயம் இதழ் இதழாகப் பிரிந்துவிடும். சிறியவற்றை முழுதாகவே போடலாம், பருமனானவற்றை மட்டும் நெடுக்காக இரண்டாக்குங்கள்.

ஊறிய புளியைக் கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டிக்கொள்ளுங்கள். கறுத்த பழம்புளியாக இருந்தால் கரைசலை முழுவதும் ஊற்றாமல் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். அதற்குப் புளிப்பு கூடுதல்.

2. தாளிப்பு

அடிகனமான வாணலியோ மண்சட்டியோ போதும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளி அதோடு ஒத்துப்போகாது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தாளிக்க ஆரம்பித்த பிறகு கறிவேப்பிலை உருவப் போனால் வெந்தயம் கருகிவிடும்.

எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடுங்கள். படபடவென்று வெடித்து அடங்கும்போது தீயைக் குறைத்து வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. வெந்தயம் சற்றே சிவந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். அது கறுத்துவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பதே நல்லது. அந்தக் கசப்பை வெல்லம்கூட மறைக்காது.

3. வெங்காயம் வதக்குதல்

வெங்காயத்தைப் போட்டதும் 'சுர்ர்' என்று பெரிய சத்தம் வரும். வெங்காயத்தில் உள்ள தண்ணீர் எண்ணெயில் படுகிற சத்தம் அது. அரைத் தேக்கரண்டி உப்பை இப்போதே சேருங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்து வெங்காயத்தைச் சீக்கிரம் தளரவைக்கும். தீ மிதமாக இருக்கட்டும். பெரிய தீயில் தோல் சிவந்துவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அவசரக்காரர்கள் ஏமாறுவது இந்த நிறத்தைப் பார்த்துத்தான்.

3, 4 நிமிடத்தில் மேலடுக்கு கண்ணாடிபோல் பளபளக்கும். பெரும்பாலான குறிப்புகள் இங்கேயே அடுத்த படிக்குப் போய்விடுகின்றன. போகாதீர்கள். பூண்டைச் சேர்த்து, ஒரு தட்டால் மூடி 2 நிமிடம் விட்டுத் திறந்து கிளறுங்கள். காரமான நெடி மெல்ல அடங்கி, ஓர் இனிப்பு வாசனை எழும். சத்தமும் மாறும்: முதலில் கேட்ட இரைச்சல் தணிந்து மெல்லிய பொரிசத்தம் கேட்டால் தண்ணீர் வற்றிவருகிறது என்று பொருள். ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கும். இப்போது ஒரு வெங்காயத்தைக் கரண்டி விளிம்பால் அழுத்துங்கள். அதிக அழுத்தம் கொடுக்காமலே கரண்டி உள்ளே இறங்க வேண்டும். வழுக்கி ஓடினால் இன்னும் 2 நிமிடம். மொத்தம் 10 முதல் 12 நிமிடம் பிடிக்கும்.

வெந்த பிறகுதான் தக்காளி. தக்காளியும் புளிப்புதான் என்பதை மறந்துவிடுகிறோம். பொடியாக நறுக்கிப் போட்டு, குழைந்து எண்ணெய் ஓரங்களில் தெரியும்வரை வதக்குங்கள்.

4. தூள், புளி, கொதி

தீயை நன்றாகக் குறைத்து மஞ்சள்தூள், குழம்புத்தூள் சேர்த்து அரை நிமிடம் மட்டும் கிளறுங்கள். எண்ணெயில் பட்டால்தான் தூளின் நிறமும் மணமும் இறங்கும். அதற்கு மேல் விட்டால் கருகும். அடிபிடிப்பதுபோலத் தெரிந்தால் ஒரு கரண்டி புளித்தண்ணீர் தெளியுங்கள்.

பிறகு புளிக்கரைசல், 1 குவளை தண்ணீர், மீதி உப்பு. ஒரு கொதி பெரிய தீயில் வரட்டும். அதன் பிறகு சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்கட்டும். புளியின் பச்சை வாசனை போய், குழம்பு கெட்டிப்பட்டு, எண்ணெய் சிவப்பாக மேலே மிதந்தால் பதம் சரி. இறக்கும் முன் வெல்லம். இனிப்புக்காக அல்ல, புளிப்பும் காரமும் தனித்தனியாக நாக்கில் அடிக்காமல் இருக்க. மண்சட்டியில் வைத்தவர்கள் ஒரு நிலை முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். அடுப்பு அணைந்த பிறகும் சட்டியின் சூட்டில் குழம்பு கொஞ்ச நேரம் கொதிக்கும்.

தவறிப்போனால்

புளிப்பு தூக்கலாக இருந்தால் அரைக் குவளை வெந்நீரும் இன்னும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். அது உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது, குழம்பையும் சேர்த்தே உறிஞ்சும். அதைவிட 2 மேஜைக்கரண்டி தேங்காயை விழுதாக அரைத்து வெந்நீரில் கரைத்து ஊற்றுவது பலன் தரும். நீர்த்துப் போயிருந்தால் அரிசிமாவு தேடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் கொதித்தால் தானாகக் கெட்டிப்படும்.

பெரிய வெங்காயத்தில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அதில் நீர் அதிகம். கரைந்து குழம்போடு குழம்பாகிவிடும், கடித்துச் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது.

சுடுசோற்றில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு இந்தக் குழம்பைப் பிசைந்தால் தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளமே போதும். கீரைக் கூட்டு இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலையில் இட்லிக்கு இதே குழம்பு ஊறிக் கெட்டிப்பட்டு முதல் நாளைவிட நன்றாக இருக்கும். அதற்காக எடுத்துவைப்பதென்றால் தேங்காய் சேர்க்காத குழம்பாக இருக்கட்டும். நன்றாக ஆறவிட்டு, ஈரமில்லாத கரண்டியால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தேங்காய் சேர்த்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.