குழந்தைகள் நிகழ்ச்சிகளின் தரத்தை வீட்டிலேயே எடைபோடுவது எப்படி?

குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தரம் தாழ்ந்துவிட்டன என்ற குறை தமிழ்நாட்டுப் பெற்றோரிடையே அடிக்கடி எழுகிறது. குறை சொல்பவர்களில் பலர் 1980களிலும் 1990களிலும் வளர்ந்தவர்கள். தூர்தர்ஷனில் தாங்கள் பார்த்ததையும் இன்று தம் பிள்ளைகள் பார்ப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்கள் பேசுகிறார்கள். இந்தக் குறை எந்த அளவுக்கு உண்மை, எந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைப் பெற்றோரே வீட்டிலிருந்து ஓரளவு சரியாகக் கண்டறிய முடியும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், கடிகாரமும், இடையில் எழுந்துபோகாமல் உட்கார ஓர் அரை மணி நேரமும் போதும்.

ஒப்பிடுவதற்கு முன்

முதலில் ஒப்பீட்டை நேர்செய்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து நல்ல நிகழ்ச்சிகள் என்று பலரும் சொல்லும் பட்டியலில் 1980களில் வந்த ‘மால்குடி டேஸ்’ இருக்கும். 1987இல் தொடங்கிய ‘ராமாயண்’ இருக்கும். இவை குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை. குழந்தைகளுக்கென்றே தயாரானவை அல்ல. 1997இல் வந்த ‘சக்திமான்’ குழந்தைகளுக்கானதுதான். ஆனால் அந்த நாயகனைப் போலச் செய்யப்போய்ப் பிள்ளைகள் ஆபத்தில் சிக்குகிறார்கள் என்ற புகார் அன்றைக்கே பெரிதாக எழுந்தது. சென்னைத் தொலைக்காட்சியின் ‘கண்மணிப் பூங்கா’வைப் போல உண்மையிலேயே சிறுவர்களுக்கென அமைந்தவை வாரத்தில் சிறிது நேரமே வந்தன. இன்றைய குழந்தைகள் அலைவரிசைகளோ 24 மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டியவை. அன்றைய பத்து மணி நேரத்தில் நினைவில் தங்கிய நல்லதை இன்றைய ஆயிரம் மணி நேரத்தின் சராசரியோடு ஒப்பிட்டால் இன்று தோற்றுத்தான் போகும். சிறந்ததைச் சிறந்ததோடும், சராசரியைச் சராசரியோடும் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

இப்படிச் சலித்த பிறகும் ஓர் இழப்பு மிஞ்சுகிறது. என் கணிப்பில் குறையின் உண்மையான பகுதி அதுவே. இங்குள்ள குழந்தைகளுக்காக இங்கேயே, தமிழிலேயே உருவாகும் நிகழ்ச்சிகள் அருகிவிட்டன. 2007இல் சன் குழுமம் தமிழுக்கென்றே சுட்டி டிவியைத் தொடங்கியபோதுகூட, பிள்ளைகள் மனத்தில் இடம்பிடித்தவை பெரும்பாலும் டோராவும் ஜாக்கி சானும் போன்ற மொழிமாற்றத் தொடர்கள். புதிதாக ஓர் அசைவூட்டத் தொடரைத் தயாரிக்கும் செலவோடு ஒப்பிட்டால், வெளியில் வாங்கியதற்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் செலவு மிகச் சிறியது. இந்திய அளவில் இயங்கும் அலைவரிசைகள் பல ஒரே படத்தை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பி, ஒலியை மட்டும் மொழிக்கு மொழி மாற்றித் தருகின்றன. ஆகவே கீழ்க்காணும் சோதனைகளில் எதைச் செய்தாலும், இந்த நிகழ்ச்சி எங்கே, யாருக்காக எடுக்கப்பட்டது என்ற கேள்வியை நோட்டின் முதல் வரியிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

முழு நிகழ்ச்சியைப் பாருங்கள்

குழந்தை வழக்கமாகப் பார்க்கும் நேரத்தில், வழக்கமாகப் பார்க்கும் அலைவரிசையிலேயே உட்காருங்கள். யூடியூப்பில் அதே அத்தியாயத்தைத் தேடிப் பார்ப்பது பயன் தராது. விளம்பரமும், அடுத்த நிகழ்ச்சிக்கான முன்னோட்டமும் சேர்ந்ததே குழந்தை பார்க்கும் பொருள்.

முதலில் படத்தின் வேகத்தைக் கவனியுங்கள். ஒரு நிமிடம் முழுக்க, காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் இதைச் செய்துவிட்டு, மறுநாள் வேறொரு நிகழ்ச்சிக்கும் இதையே செய்யுங்கள். இத்தனைக்கு மேல் போனால் கெடுதல் என்ற எல்லைக்கோடு எதுவும் கிடையாது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள வேறுபாடே பேசும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வேகமான கார்ட்டூனையும், இன்னொன்றுக்கு நிதானமான நிகழ்ச்சியையும் 9 நிமிடம் காட்டி, மூன்றாவது குழுவைப் படம் வரையச் செய்தார்கள். முடிந்தவுடன் வைத்த கவனச் சோதனைகளில் வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். பின்னர் லில்லார்டின் குழு செய்த ஆய்வுகள், வேகத்தைவிட, நடக்கவே முடியாத நிகழ்வுகள் அடுக்கடுக்காக வருவதே குழந்தையின் மூளையைக் களைப்படையச் செய்கிறது என்ற பக்கம் சாய்ந்தன. எனவே கோடுகளுக்குப் பக்கத்திலேயே, பாறை விழுந்து தட்டையான பூனை எழுந்து ஓடுவது போன்ற நிகழ்வுகள் எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை உடனடி விளைவைப் பற்றிய ஆய்வுகள் மட்டுமே. ஒரு கார்ட்டூன் பார்த்ததால் பிள்ளையின் படிப்பே போய்விடும் என்று இவற்றை வைத்து வீட்டில் பஞ்சாயத்து வைக்க வேண்டாம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, நிகழ்ச்சி குழந்தைக்கு இடம் விடுகிறதா என்பது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற தொடரில் நடத்துநர் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் குழந்தை யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குச் சும்மா நிற்பார். டோரா அந்த வழியில் வந்தவள். அவள் கண்ணை விரித்துக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகள் பெரியவர்களுக்கு எரிச்சலூட்டும்; மூன்று வயதுக் குழந்தைக்கோ, பாலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துக் கத்துவதற்கு அந்த நேரம் தேவை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை விநாடி விடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூச்சுவிடும் நேரம்கூட இல்லாமல் பாத்திரமே பதிலையும் சொல்லிவிட்டால், கேள்வி வெறும் அலங்காரம் என்று எழுதிக்கொள்ளலாம்.

‘போட்டதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்’ என்ற புகாரையும் இந்த இடத்திலேயே சீர்தூக்கிவிடலாம். ‘ப்ளூஸ் க்ளூஸ்’ தயாரிப்பாளர்கள் ஒரே அத்தியாயத்தை வாரத்தில் ஐந்து நாளும் வேண்டுமென்றே ஒளிபரப்பினார்கள். மறுபடி பார்க்கும்போது சிறு குழந்தைகள் கூடுதலாகப் புரிந்துகொண்டு, கூடுதலாகப் பதில் சொன்னார்கள். ஐந்து வயதுக்குக் கீழே மறுஒளிபரப்பு ஒரு குறையாகாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே அத்தியாயம் மாதம் முழுதும் வருவதுதான் சோம்பேறித்தனம்.

திரைக்கு முதுகைக் காட்டிக் கேளுங்கள்

இந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே. பத்து நிமிடம் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பேச்சு எவ்வளவு, கூச்சல் எவ்வளவு, அடிதடி ஓசை எவ்வளவு என்பது படம் மறைந்தவுடன் தெளிவாகிவிடும். அடுத்தாற்போல் மொழியைக் கவனியுங்கள். மொழிமாற்றத்தில் வசனம் எழுதுபவர் படத்தில் உள்ள வாயசைப்புக்குள் தமிழை அடைக்க வேண்டியிருக்கிறது. வாய் அரை விநாடி கூடுதலாக அசைந்தால் ‘ஆமா’, ‘ஓ’ என்று நிரப்புகிறார்கள். வாய் முன்னதாக மூடிக்கொண்டால் வாக்கியத்தின் வால் அறுபடுகிறது. ‘மழை வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம் வா’ என்று எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய ஒரு வரி, ‘நாம் இப்போதே செல்ல வேண்டும் நண்பா’ என்று வந்து விழுகிறது. அக்கா, மாமா, ஆத்தா என்று யாரும் யாரையும் அழைப்பதில்லை; ஊரே ஒருவரையொருவர் ‘நண்பா’ என்கிறது. தமிழில்தானே பார்க்கிறான் என்று நாம் ஆறுதல் அடையும் நிகழ்ச்சியில் இப்படிப்பட்ட தமிழ்தான் குழந்தையின் காதில் மணிக்கணக்கில் ஏறுகிறது. எல்லா மொழிமாற்றமும் இப்படியல்ல; நல்ல குரல் கலைஞரும் காது உள்ள எழுத்தாளரும் அமைந்தால் தொடர் இங்கேயே பிறந்தது போல ஒலிக்கும். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பத்து நிமிடம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டூனுக்குத் தமிழ் ஒலித்தடமும் இருக்கக்கூடும் என்பதால், ரிமோட்டில் உள்ள மொழி அல்லது ஆடியோ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

குழந்தையைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய ‘செஸமி ஸ்ட்ரீட்’ தொடருக்காக எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஓர் எளிய உத்தியைக் கையாண்டார். நிகழ்ச்சி ஓடும் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்து, அதில் ஏழரை விநாடிக்கு ஒரு முறை படங்களை மாற்றிக்கொண்டே இருப்பார். குழந்தை எந்தக் கட்டத்தில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குத் திரும்புகிறது என்பதைக் குறித்து, அந்தப் பகுதியைத் திருத்தி எழுதச் செய்தார்கள். வீட்டில் இரண்டாவது திரை வேண்டாம். குழந்தைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான்களைப் பக்கத்தில் போட்டுவையுங்கள். எப்போது கை பொம்மைக்குப் போகிறது, எப்போது கண் திரைக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். விளம்பரம் வரும்போது மட்டும் பொம்மையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினால், நிகழ்ச்சியைவிட விளம்பரத்தின் மேல் கூடுதல் உழைப்பு செலவாகியிருக்கிறது என்று பொருள்.

மறுநாள் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ‘பிடிச்சுதா?’ என்று கேட்டால் தலையாட்டலோடு பேச்சு முடிந்துவிடும். ‘அவன் ஏன் அழுதான்?’, ‘அவங்க ஏன் அந்தக் காட்டுக்குப் போனாங்க?’ என்று காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் கதையில் சரக்கு இருக்கிறது. வில்லன் வந்தான், பீம் லட்டு சாப்பிட்டான், டமால் என்று அடித்தான் என்பதோடு நின்றுவிட்டால், அந்த அத்தியாயத்தில் அவ்வளவுதான் இருந்திருக்கும். சிரிப்பதற்கென்றே இருக்கும் நிகழ்ச்சிக்கு இந்த அளவுகோலை வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வெறும் சிரிப்பும் வேண்டும்.

விளம்பரக் கணக்கு தனியாக வேண்டும். கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இன்படி ஒரு மணி நேரத்தில் வணிக விளம்பரம் 10 நிமிடமும், அலைவரிசையின் சுயவிளம்பரம் 2 நிமிடமுமாக மொத்தம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தை வைத்துக் கூட்டிப் பாருங்கள். எந்தப் பொருளுக்கு எந்தக் கார்ட்டூன் பாத்திரம் வருகிறது என்பதையும் எழுதிக்கொண்டால், கடையில் பிள்ளை எதற்கு அடம்பிடிக்கிறது என்பதன் காரணம் தெரிந்துவிடும்.

எடைபோட்ட பிறகு

இரண்டு வாரக் குறிப்பு சேர்ந்ததும், வைத்துக்கொள்ள வேண்டியவை எவை என்பது தானாகவே புலப்படும். தடைப் பட்டியல் போடுவதைவிட, தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வைத்துக் குறித்த நேரத்தில் போடுவது எளிது. அடுத்த நிகழ்ச்சி தானாகத் தொடங்கிவிடும் தொல்லையும் இல்லை, விளம்பரத்தையும் தாண்டிவிடலாம். நேர அளவைப் பொறுத்தவரை, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியைச் சிலர் மாற்றாகச் சொல்கிறார்கள். பாடத்துக்கு அது நன்று. பள்ளிவிட்டு வந்த பிள்ளையை மறுபடியும் பாடத்தின் முன் உட்காரவைத்து, இதுதான் உனக்கான பொழுதுபோக்கு என்று சொல்வது எடுபடாது.

குழந்தைகள் பாடி ஆடும் போட்டி நிகழ்ச்சிகளைக் குழந்தைகள் நிகழ்ச்சி என்ற கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை. அவை பெரியவர்களின் பார்வைக்காகக் குழந்தைகளை மேடையேற்றுபவை. இத்தகைய நடன நிகழ்ச்சிகளில் சிறுவர்களை வயதுக்குப் பொருந்தாத அசைவுகளில் காட்ட வேண்டாம் என்று 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே அலைவரிசைகளுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது.

புகார் அனுப்புவது

தரம் குறைவு என்பதற்காகப் புகார் செய்ய முடியாது. விதி மீறல் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையோ வெளிப்படையான வன்முறையோ இருக்கக் கூடாது என்பதும், குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் விளம்பரம் கூடாது என்பதும் மேற்சொன்ன 1994 விதிகளிலேயே உள்ளன. அலைவரிசையின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், நாள், மணி நிமிடத்தோடு நேரம், திரையில் கண்டது அல்லது காதில் கேட்டது என்ன என்பதை உங்கள் நோட்டிலிருந்து அப்படியே எடுத்து, முதலில் அந்த அலைவரிசைக்கே எழுத வேண்டும். 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அவர்கள் 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தர வேண்டும். 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால் அடுத்த 15 நாட்களுக்குள் அந்த அலைவரிசை சார்ந்துள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். விளம்பரத்தைப் பற்றிய புகாராக இருந்தால் இந்திய விளம்பரத் தர மன்றத்துக்கு நேராகவே அனுப்பலாம்.

அதே கடிதத்தாளில் வேறொன்றையும் எழுதி அனுப்பலாம். பிடித்த நிகழ்ச்சி எது, அதில் எந்தப் பகுதிக்குப் பிள்ளை வாய்விட்டுப் பதில் சொன்னது, எந்தத் தொடரின் தமிழ் காதுக்கு இயல்பாக இருந்தது, தமிழில் புதிதாக எதை எதிர்பார்க்கிறோம் என்று குறிப்பாக எழுதுங்கள். நிகழ்ச்சி வாங்குபவர்களின் மேசைக்குப் பார்வையாளர் எண்ணிக்கை வாரந்தோறும் போகிறது. எந்த விநாடியில் எந்தக் குழந்தை என்ன செய்தது என்ற குறிப்பு அவர்களுக்குப் பெற்றோரிடமிருந்து மட்டுமே கிடைக்கும்.