வருமான வரிக்குப் பதில் விற்பனை வரி: வேட்பாளரின் நிலைப்பாட்டைக் கண்டறியும் முறை

"வருமான வரியை ஒழிப்பேன்" என்று அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே திட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஆகவே ஒரு வேட்பாளர் ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்று கேட்பதற்கு முன், அவர் எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இவற்றுள் முழுமையானது 'ஃபேர் டாக்ஸ்' எனப்படும் மசோதா. ஜார்ஜியா மாநில உறுப்பினர் ஜான் லிண்டர் 1999இல் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்த இது, தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கப்படும் வரி, வாரிசுச் சொத்து வரி ஆகியவற்றை நீக்கி, அவற்றின் இடத்தில் நாடு தழுவிய சில்லறை விற்பனை வரியை வைக்கிறது. 2012 தேர்தலுக்கு ஹெர்மன் கெய்ன் முன்வைத்த '9-9-9' திட்டம் வேறு. அதில் 9 சதவீத விற்பனை வரியோடு 9 சதவீத வருமான வரியும் இருந்தது. 1996இல் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ் கேட்டது ஒரே விகித வருமான வரியை. டொனால்ட் டிரம்ப் 2024இல் பேசியதோ இறக்குமதித் தீர்வையைப் பற்றி. கட்சியின் பெயரை வைத்தும் முடிவுசெய்ய இயலாது: 2008இல் குடியரசுக் கட்சியின் மைக் ஹக்கபியும் ஜனநாயகக் கட்சியின் மைக் கிராவெலும் ஃபேர் டாக்ஸை ஆதரித்தனர்.

அடுத்து, பதிவேட்டைப் பாருங்கள். வேட்பாளர் ஏற்கெனவே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக இருந்தால், காங்கிரஸின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஃபேர் டாக்ஸ் மசோதாவின் எண்ணான எச்.ஆர். 25 என்று தேடி, மசோதாவை முன்மொழிந்தவர், உடன் கையெழுத்திட்டவர்கள் ஆகியோரின் பட்டியலைத் திறக்கலாம். காங்கிரஸின் இரண்டாண்டுக் காலம் முடியும்போது நிறைவேறாத மசோதாக்கள் காலாவதியாகிவிடுவதால், பழைய கையெழுத்து மட்டும் போதாது. புதிய மசோதாவிலும் அவர் பெயர் இருக்கிறதா என்பதே முக்கியம். வாக்கெடுப்புக்கு இசைவதையும் ஆதரவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 ஜனவரியில் சபை உறுப்பினர் பட்டி கார்ட்டர் இதே மசோதாவை மீண்டும் கொண்டுவந்தபோது, அது சபையில் வாக்கெடுப்புக்கு வரும் என்ற பேச்சு பலமாக இருந்தது. ஆனால் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி தாம் அதை ஆதரிக்கவில்லை என்றார்.

எதிராளியின் விளம்பரத்தை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். தென் கரோலினாவின் 2004 செனட் தேர்தலில் ஃபேர் டாக்ஸை ஆதரித்த ஜிம் டிமின்ட்டுக்கு எதிராக '23 சதவீத விற்பனை வரி' என்பதே பெரிய பிரச்சாரமாயிற்று. நீங்கும் வரிகளைச் சொல்லாமல் வரும் வரியை மட்டும் சொல்வது பாதி உண்மை. வரும் வரியைச் சொல்லாமல் நீங்கும் வரியை மட்டும் சொல்வதும் அப்படித்தான்.

அந்த 23 என்ற எண்ணிடம் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். 100 டாலர் பெறுமான ஒரு புதிய நாற்காலிக்கு இந்த வரி ஏறத்தாழ 30 டாலர். வாங்குபவர் கொடுப்பது 130. கொடுத்த 130இல் 30 என்பது 23 சதவீதம். பொருளின் 100 டாலரின் மேல் பார்த்தால் 30 சதவீதம். வருமான வரியோடு ஒப்பிட முதல் கணக்கே பொருத்தம் என்று ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கடை ரசீதில் மாநில விற்பனை வரியை நாம் காண்பது இரண்டாவது கணக்கில்தான் என்பதால், வேட்பாளர் இரண்டு எண்களையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் சொல்பவரிடம் மற்றொன்றையும் கேளுங்கள்.

கூட்டங்களில் கேட்க மேலும் சில கேள்விகள் உள்ளன. வறுமைக்கோட்டு அளவிலான செலவுக்குரிய வரியை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதந்தோறும் முன்கூட்டியே திருப்பித் தரும் ஏற்பாட்டை அவர் ஏற்கிறாரா? மருத்துவக் கட்டணம் போன்ற சேவைகளுக்கும் வரி என்பதை ஏற்கிறாரா? வருமான வரி கட்டிய பின் மிஞ்சியதைச் சேமித்து ஓய்வுபெற்றவர், அதைச் செலவிடும்போது மறுபடி வரி கட்டுவதற்கு அவர் சொல்லும் பதில் என்ன? எல்லாவற்றையும்விட, 1913இல் வருமான வரிக்கு வழிவிட்ட 16ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நீக்க அவர் முயல்வாரா? ஏழு ஆண்டுகளுக்குள் அது நீக்கப்படாவிட்டால் விற்பனை வரியே முடிவுக்கு வரும் என்று மசோதா சொல்கிறது. திருத்தத்தை நீக்காமல் புதிய வரியை மட்டும் நிலைக்கச் செய்தால், இரண்டு வரிகளும் சேர்ந்துகொள்ள இடமுண்டு.

மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுபவர் பேசுவது மாநில வருமான வரியைப் பற்றியே. லூயிசியானாவில் பாபி ஜிந்தால் 2013இல் அதை நீக்கி விற்பனை வரியை உயர்த்தத் திட்டமிட்டு, எதிர்ப்பு வலுத்ததால் கைவிட்டார். டெக்சஸிலும் புளோரிடாவிலும் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே இல்லாததால், அங்கே "வருமான வரி கூடாது" என்பவர் இருப்பதைக் காப்பவராக மட்டும் இருக்கலாம்.

கிடைத்த பதிலை அவருடைய சொற்களிலேயே, தேதியோடும் இடத்தோடும் குறித்துவையுங்கள். "பரிசீலிப்பேன்" என்று மட்டும் சொன்னால், அதை ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ எழுதாமல், பதில் இல்லை என்றே எழுதுங்கள்.