பிள்ளையோடு கரடுமுரடுப் பாதையில்: முதல் ஜீப் பயணத்துக்குத் தயாராவது எப்படி?

ஜனவரியில் நானும் மகளும் போடி பக்கம் இரண்டு நாள் போய் வந்தோம். முதல் நாள் கொழுக்குமலை, மறுநாள் மச்சானின் தென்னந்தோப்பு. அவளுக்கு 18 முடிந்து, எல்எல்ஆர் எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வண்டியை எப்படி ஓட்டுவது என்பதைவிட, யார் எங்கே உட்காருவது, யார் எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் எங்களுக்குச் சிக்கல் வந்தது. அதனால் இங்கே அதுவும் சேர்ந்தே வரும்.

முதலில் வயதைப் பாருங்கள்

18 நிறையாத பிள்ளை பொது இடத்தில் கார் ஓட்டக் கூடாது. ஊர்க்கோடி மண்ரோடும் பொது இடம்தான். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "யாரு பாக்கப் போறா" என்று சொல்லும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

18 ஆகி எல்எல்ஆர் இருந்தால், எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள நீங்கள் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு வயது குறைவா? நீங்கள் ஓட்டுங்கள், அவன் இறங்கி வழி காட்டட்டும். அது சின்ன வேலை இல்லை என்பது கீழே தெரியும்.

இடமும் வண்டியும்

காப்புக்காடு வேண்டாம். கடற்கரையும் வேண்டாம்: உப்பு வண்டியின் அடியை அரிக்கும், ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடும் காலம் வேறு. சொந்தக்காரர் தோட்டமோ தரிசு நிலமோ, அவரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

மஹிந்திராவின் தார் (Thar) ஜீப் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று நினைக்காதீர்கள். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்கிறது. கியர் லிவருக்குப் பக்கத்தில் ஃபோர் ஹெச் (4H), ஃபோர் எல் (4L) என்று எழுதிய இன்னொரு சின்ன லிவர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் நாலு சக்கரமும் இழுக்கும்; ஃபோர் எல்லில் வண்டி மெதுவாக, கூடுதல் பலத்தோடு போகும். வாடகை வண்டியா? மண்ணில் இறக்கலாமா, எல்எல்ஆர் ஆள் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டுக்குமே விட மாட்டார்கள்.

முதல் நாள் ஓட்டாதீர்கள், பாருங்கள்

கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியில். விடியல் பார்க்க நாலு மணிவாக்கில் கிளம்பிவிடுவார்கள். உள்ளூர் ஓட்டுநர்கள்தான் ஓட்டுவார்கள், அதுதான் நமக்கு வேண்டியதும். பிள்ளையை முன்சீட்டில் உட்கார வையுங்கள்.

எங்கள் ஓட்டுநர் ஏற்றத்தின் நடுவில் ஒருமுறைகூடக் கியரைத் தொடவில்லை. ஏறும் முன்பே போட்டுக்கொண்டார். பெரிய கல் வந்தால் அதை நடுவில் விட்டுத் தாண்டாமல் டயரை அதன்மேல் ஏற்றினார். அடியில் அச்சுக்கு நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி கல்லில் இடிக்காமலிருக்கத்தான் அது. இறங்கும்போது முதல் கியரிலேயே விட்டு, பிரேக்கை லேசாகத்தான் தொட்டார். "அப்பா, அவரு கிளட்ச்ல காலே வைக்கலை" என்றாள் மகள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் தோப்பில்

டயரில் 32 பிஎஸ்ஐ இருந்தது. வால்வு முள்ளைச் சாவி முனையால் அழுத்தி 20-க்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். ஆனால் 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் அளவு பார்க்கும் கேஜும் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள்.

அப்புறம் வண்டியை முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஃபோர் எல் போட வேண்டும். ஓட்டப்போகும் தடத்தை இருவரும் முதலில் நடந்து பாருங்கள். எங்கள் தாரின் அடி உயரம் 226 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். மகள் ஒவ்வொரு கல்லுக்கும் கையை வைத்துச் சாண் அளந்தாள். தண்ணீர் கிடந்தால் குச்சியால் ஆழம் பாருங்கள். முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடலாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

சைகைகள் நாலே நாலு: வா, இடது, வலது, முஷ்டி மடக்கினால் நில். ஒரே ஆள்தான் காட்ட வேண்டும். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவிலோ, இறக்கத்தில் வண்டிக்கு நேர் கீழேயோ நிற்கக் கூடாது. ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பாமல், ரிவர்ஸ் கியர் போட்டு நேர் பின்னாலேயே இறங்குங்கள். குறுக்கே திரும்பினால் உருளும்.

மாட்டிக்கொண்டால்

வாய்க்கால் ஓர ஈரத்தில் பின்சக்கரம் சுழல ஆரம்பித்தது. நான் ஒரே நேரத்தில் வலது, இடது, நில், மூன்றையும் கத்தினேன். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். "நீங்க சைகை காட்டுங்க, இல்ல ஓட்டுங்க. ரெண்டும் வேணாம்."

சரி என்று மண்வெட்டியை எடுத்தேன். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மண்ணை வெட்டி, காய்ந்த தென்னை மட்டை நாலைந்தை டயருக்கு அடியில் திணித்தோம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டாள். மட்டை படபடவென்று நொறுங்க வண்டி ஏறி வந்தது. சக்கரம் சுழலும்போது மிதித்துக்கொண்டே இருந்தால் அது தன் குழியைத் தானே தோண்டும். கயிறு கட்டி இழுக்கும் நிலை வந்தால், வண்டியோடு வந்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிற்றின்மேல் கனமான சாக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நில்லுங்கள். அறுந்த கயிறு ஆளை அடிக்கும்.

தார்ரோட்டில் ஏறும் முன் லிவரைப் பழையபடி இரண்டு சக்கரத்துக்கு மாற்றி, காற்றை நிரப்ப வேண்டும். தோப்பு வாசலில் மகள் கேஜைப் பிடித்திருக்க, நான் கம்ப்ரஸரோடு டயர் டயராகக் குந்தினேன். நாலாவது டயர் 31 காட்டியதும் முஷ்டியை மடக்கினாள். நிறுத்தினேன்.