சிறிய வீட்டில் பித்தளைத் தோட்டா உறைகளைக் கழுவுதலும் மறுபடி நிரப்புதலும்

ஒரு தோட்டாவைச் சுட்டதும் குண்டு பறந்துவிடும், வெடிமருந்து எரிந்துவிடும், அதைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் தன் வேலையை முடித்துவிடும். பித்தளை உறை மட்டும் காலடியில் வந்து விழும். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் பொதுவாக விலை மிகுந்ததும், பழுதில்லாத வரை மீண்டும் மீண்டும் பயன்படுவதும் அந்த உறைதான். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் தேவை. மாநிலச் சட்டமும் நகரத்தின் தீயணைப்பு விதிகளும் வாடகை ஒப்பந்தமும் இதற்கு மேல் சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதால் அவற்றை முதலில் படித்துவிட வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே, நான் இங்கே எழுதுவது அமெரிக்காவில் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்துகொண்டு இலக்குச் சுடுதலில் ஈடுபடும் நம்மவர்களுக்காக மட்டுமே.

சிறிய வீட்டில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வெடிமருந்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது என்றாலும், அன்றாடம் உடலுக்குள் போகக்கூடியது வேறொன்று. வழக்கமான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் என்ற சேர்மம் இருக்கிறது. சுட்ட பிறகு அதன் கரி உறையின் உட்புறத்திலும் பிரைமர் குழியிலும் நுண்ணிய தூளாகப் படிந்துவிடுகிறது. தனிக் கொட்டகையோ வண்டி நிறுத்தும் அறையோ உள்ளவர்களுக்கு அந்தத் தூள் அங்கேயே நின்றுவிடும். நமக்கோ வேலை செய்யும் மேசையிலிருந்து குழந்தை தவழும் தரைக்கு நான்கு அடி தூரம்கூட இருக்காது. குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் வரையறுத்தது. எனவே எந்த முறையில் கழுவலாம் என்பதை, பளபளப்பை வைத்து முடிவு செய்யாமல், எந்த முறையில் தூசி எழாது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அதனால்தான் உலர்முறையை நான் வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை. மக்காச்சோளக் கதிர்ச்சக்கைத் துகளையோ வால்நட் ஓட்டுத் தூளையோ அதிரும் கிண்ணத்தில் இட்டு, அதில் உறைகளைப் புரள விடுவது பழைய வழக்கம். உறைகள் துலங்கும் என்பது உண்மையே. ஆனால் மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டும் ஒவ்வொரு முறையும் ஈயத்தூள் காற்றில் எழும். அந்த இயந்திரத்தின் அதிர்வு மரத்தரை வழியாகக் கீழ் வீட்டுக்காரரின் கூரைக்கும் போய்ச் சேரும். நீர்முறையில் அழுக்கு தண்ணீரோடே நின்றுவிடுகிறது.

நீர்முறைக்கு இயந்திரம் கட்டாயமில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இறுக மூடக்கூடிய அகன்ற வாய் கொண்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் நூறு கைத்துப்பாக்கி உறைகளைப் போட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு இடையிடையே குலுக்கினால் பயன்பாட்டுக்குப் போதுமான தூய்மை கிடைத்துவிடும். இந்தியக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படுவது இதே அமிலம்தான். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகத் துலங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அமிலம் மிகுந்தாலும், நெடுநேரம் ஊறினாலும் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சுவதால் உறை இளஞ்சிவப்பாக மாறும். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் தேய்த்து விளக்குவதைப் போல இதையும் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புளியில் உள்ள அமிலம் பித்தளையைத் துலக்கும் என்றாலும், குறுகிய உறைக்குள் ஒட்டிய சக்கையையும் உப்பையும் முழுவதுமாக அலசி எடுக்க முடியாது. எஞ்சிய உப்பு பித்தளையை அரிக்கும். விளக்குக்குப் புளி போதும், உறைக்கு வேண்டாம்.

உட்புறமும் பிரைமர் குழியும் புதிதுபோல ஆக வேண்டும் என்றால் சுழலும் உருளை ஒன்றை வாங்கி, அதில் துருப்பிடிக்காத எஃகால் ஆன சிறு ஊசித் துண்டுகளைச் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் ஓட விடலாம். அதற்கு முன்பே பழைய பிரைமர்களைத் தட்டி வெளியேற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் குழிக்குள் ஊசி புகாது, தண்ணீரும் தேங்கி நிற்கும். சுடாத தோட்டாவோ வெடிக்காத பிரைமரோ உருளைக்குள் போய்விடாதபடி ஒவ்வொரு உறையையும் கையால் எடுத்துப் பார்த்துப் போட வேண்டும். அளவு வாரியாகப் பிரிக்காமல் கொட்டினால் 9 மி.மீ. உறை அதைவிடச் சற்று அகன்ற .40 அங்குல உறைக்குள் நுழைந்து இறுகிக்கொள்ளும். ஊசிகளின் தடிமன் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், தீப்பொறி செல்லும் துளையில் இரண்டு ஊசிகள் சேர்ந்து சிக்குவது உண்டு. தொடக்க நாட்களில் நானே இப்படி ஊசி சிக்கிய உறையொன்றைக் கவனியாமல் காயவைத்து, பிரைமர் பொருத்தும் கட்டத்தில்தான் கண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு உறையையும் விளக்கொளிக்கு நேராகப் பிடித்து, துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் பெட்டியில் போடுவதில்லை.

கடையில் கிடைக்கும் பித்தளை மெருகுத் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அவற்றை உறைகளின் அருகே கொண்டுவரவே கூடாது. இதற்கு இந்தியாவில் நடந்த ஒரு பழைய வரலாறு சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தபோது, சுடப்படாத உறைகள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கப்பட்ட பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்தே இதைச் செய்தன என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத அத்தகைய விரிசல் உள்ள உறை, முகத்துக்கு அருகே வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் மெருகு எவ்வளவு சிறிய விஷயம் என்பது விளங்கும். மங்கிய நிறமுள்ள உறையும், அழுக்கு நீங்கியிருந்தால், நன்றாகவே சுடும்.

கழுவிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் ஓரிரவு தெளியவிட்டு, காபி வடிகட்டும் தாளில் வடித்து, கருப்பு வண்டலையும் தாளையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, உள்ளாட்சியின் வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுத்துவிட வேண்டும். தெளிந்த நீரை என்ன செய்வது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். உறைகளை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, பழைய துண்டில் உருட்டி, மின்விசிறியின் கீழ் ஓரிரு நாள் பரப்பி வையுங்கள். அவசரத்துக்குச் சமையல் அடுப்பை நாட வேண்டாம். ஈயம் உணவுக்குள் போகும் என்பது ஒருபுறம் இருக்க, மிகுந்த சூட்டில் உறையின் அடிப்பாகம் இளகிவிட்டால் அது அழுத்தத்தைத் தாங்காது. இந்த வேலைக்கான ஜாடி, துண்டு, கையுறை எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது; துணிகளைத் தனியே துவைக்க வேண்டும்.

காய்ந்த உறைகளைக் கையில் எடுத்துப் பார்ப்பதே கழுவியதன் பயன். வாயில் கீறல் இருக்கிறதா, பிரைமர் குழி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழல் நீண்ட துப்பாக்கியான ரைஃபிளின் உறைகளில் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையம் தெரிந்தால், நுனி வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டு மேலும் கீழும் இழுங்கள். பள்ளம் இடறினால் அந்த உறை இரண்டாகப் பிரியப்போகிறது என்று பொருள். கழிப்பவற்றின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டால் அவை தவறுதலாகத் திரும்பி வராது. .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டா வகையின் உறைகளில் பெரிய பிரைமர் குழி உள்ளவையும் சிறிய குழி உள்ளவையும் கலந்து கிடைக்கும், இப்போதே பிரித்துவிடுங்கள். ரைஃபிள் உறைகள் சுடச்சுட நீளும்; .223 ரெமிங்டன் உறை 1.760 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிக் குறைக்க வேண்டும்.

நிரப்பும் வேலைக்கு மேசையில் கவ்விப் பொருத்தும் ஒற்றைநிலை பிரஸ் (ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் கை அழுத்தி) ஒன்றே சிறிய வீட்டுக்கு ஏற்றது. உறையைப் பழைய அளவுக்கு இறுக்குவது, பிரைமர் பொருத்துவது, மருந்து இடுவது, குண்டைப் பதிப்பது என்ற வரிசை எளியதே. மருந்தின் வகையையும் எடையையும் மருந்து நிறுவனமோ குண்டு நிறுவனமோ அச்சிட்ட நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள். அதில் சொல்லியுள்ள தொடக்க எடையிலிருந்து தொடங்குங்கள். நண்பர் சொன்ன எடை வேண்டாம். எடையை அளக்கும் அலகு கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். மின்விசிறியின் காற்றுப் பட்டால் மின்னணுத் தராசு பிசகும் என்பதால் விசிறியை நிறுத்திவிட்டு எடை போட வேண்டும். கைத்துப்பாக்கி உறைகள் பலவற்றில் மருந்து பாதியளவைக்கூட நிரப்பாது. ஆகவே தவறி இருமுறை இட்டாலும் வழியாது, அந்த ஆபத்தான பிழை கண்ணில் படாமல் போய்விடும். மருந்தே இடாமல் விட்டுவிட்டால், பிரைமரின் விசையால் குண்டு குழலுக்குள் பாதி வழியில் சிக்கி, அடுத்த குண்டு குழலைப் பிளந்துவிடும். மருந்திட்ட ஐம்பது உறைகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கைக் காட்டி, எல்லாவற்றிலும் ஒரே மட்டம்தானா என்று பார்த்த பிறகே குண்டைப் பதியுங்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்துப் புட்டிதான் இருக்கலாம். தொலைக்காட்சி ஓடும் கூடத்தில், குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில், இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

மருந்தும் பிரைமர்களும் வாங்கிய டப்பாக்களிலேயே இருக்க வேண்டும். பிரைமர்களைக் கண்ணாடி ஜாடியில் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று வெடிக்க அத்தனையும் வெடிக்கும். வீடுகளில் 20 பவுண்டு மருந்து, 10,000 பிரைமர் என்பது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதித்தொகுப்பு குறிப்பிடும் அளவு என்றாலும், குடியிருப்பில் ஒரு பவுண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காற்றுப் புகாத இரும்புப் பெட்டகத்தில் பூட்டினால் தீப்பிடிக்கும்போது வெறுமனே எரிய வேண்டியது வெடித்துவிடும். குழந்தை கைக்கு எட்டாத, பூட்டுள்ள, குளிர்ச்சியான மர அலமாரியே நல்லது. புளித்த நெடியோ செம்பழுப்புத் தூளோ தென்பட்டால் மருந்து கெட்டுவிட்டது. நிரப்பிய ஒவ்வொரு பெட்டியின் மேலும் தேதி, மருந்தின் பெயர், எடை, குண்டின் எடை, அந்த உறைகள் எத்தனையாவது முறை நிரப்பப்படுகின்றன என்ற ஐந்தையும் எழுதி ஒட்டுங்கள். முதலில் ஐந்து தோட்டாக்களை மட்டும் களத்துக்கு எடுத்துச் சென்று ஒவ்வொன்றாகச் சுட்டு, விழுந்த உறையை உடனே எடுத்துப் பிரைமர் தட்டையாகியிருக்கிறதா, வாய் கீறியிருக்கிறதா என்று பார்த்த பின்பே மற்ற நாற்பத்தைந்தையும் பயன்படுத்துங்கள்.