பூனை நக்கி மறைத்துவிடும்: கருப்பை, சிறுநீர்த் தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

பருவம் வந்தால் பெட்டை நாய்க்கு ரத்தம் வடியும், பூனைக்கு வடியாது. பூனை கத்தும், தரையில் உருளும், பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஆகவே கருத்தடை செய்யாத பூனையின் பின்பக்கம் ரத்தமோ சீழோ தெரிந்தால் ‘ஹீட்ல இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள்.

பருவம் முடிந்து 2 முதல் 8 வாரத்துக்குள்தான் கருப்பையில் சீழ் கட்டுவது அதிகம். பருவத்தைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வரும். ஆனால் பூனை உடனுக்குடன் நக்கித் துடைத்துவிடும். அது படுக்கும் இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, காலையில் எழுந்ததும் பாருங்கள். வெண்மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ நாற்றத்துடன் கறை இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் ஒரு சொட்டும் வெளியே வராது. ஆபத்து இதில்தான் அதிகம். வயிறு உப்பும், சினை என்று நினைத்துக்கொள்வோம். சினைப் பூனை நன்றாகத் தின்னும், இது சாப்பாட்டை ஒதுக்கும், சோர்ந்து கிடக்கும், பல நேரம் தண்ணீரும் நிறையக் குடிக்கும். கிண்ணத்தில் அளந்து ஊற்றி 24 மணி நேரம் பாருங்கள்: 3 கிலோ பூனை 150 மி.லி. தாண்டினால் கோளாறுதான். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், சீழ் நிறைந்த கருப்பை கிழியக்கூடும். உடல் சூடு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சரி. காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதி கொள்ள வேண்டாம், முற்றிய நிலையில் சூடு இறங்கிவிடும்.

குட்டி போட்ட பூனைக்குச் சில நாள் பழுப்புக் கசிவு இயல்பே. நாறினாலோ, பூனை குட்டிகளை அண்டவிடாவிட்டாலோ கருப்பைத் தொற்றைச் சந்தேகியுங்கள்.

சிறுநீர்ப் பிரச்சினை வேறு மாதிரி. அடிக்கடி மணல் தட்டுக்கு ஓடும், முக்கும், நாலு சொட்டு விடும், சில நேரம் பாத்ரூம் தரையிலோ சிங்க்கிலோ போய்விடும். மணலில் சிறுநீர்க் கட்டிகளை எண்ணுங்கள்: வழக்கமான இரண்டு மூன்று பெரிய கட்டிகளுக்குப் பதில் பட்டாணி அளவில் ஏழெட்டு இருந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல். கட்டி இளஞ்சிவப்பாக இருந்தால் ரத்தம் பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலிருந்து, படுக்கைத் துணியில் கறை என்றால் பெரும்பாலும் கருப்பையிலிருந்து.

இளம் பூனைகளில் இந்த எரிச்சலுக்குப் பெரும்பாலும் கிருமி காரணமில்லை, மன அழுத்தமே தூண்டுகிறது. கிருமித் தொற்று 10 வயது தாண்டியவற்றிலும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவற்றிலும்தான் அதிகம். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் பலனும் இருக்காது, பிறகு எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையும் கெடும். அதைவிடக் கழுவிய காலித் தட்டை வைத்துச் சிறுநீரைப் பிடித்து, சுத்தமான டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பாராசிட்டமால் கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். முக்கி முக்கியும் சிறுநீர் ஒரு சொட்டும் வராவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசியாக எப்போது பருவத்தில் இருந்தது என்ற தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.