இழப்புக்குப் பிறகு வரும் காதலை நாவலாக எழுத

துணையை இழந்தவர் மறுபடி காதலிக்கிற கதையை எழுதப்போகிறீர்களா? சரி, புதிதாக வரப்போகிறவரைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இறந்தவரைப் பற்றி முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். எதற்குக் கோபம் வரும், அடிக்கடி சொல்லும் பொய் எது, தீராமலே போன சண்டை எது என்றெல்லாம். இதில் பாதி நாவலுக்குள் வராது, பரவாயில்லை. நான் கணவரை இழந்தவள். அவர் போனபின் எல்லோரும் அவருடைய நல்ல குணங்களையே பேசினார்கள். எனக்கு நினைவில் நின்றதோ, குளியலறை விளக்கை அணைக்காமல் வருவதற்காக அவரோடு போட்ட சண்டை. குறையே இல்லாத மனிதராக எழுதினால் அவர் இல்லாத வெறுமை வாசகருக்கு உறைக்காது.

அப்புறம், மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்குச் சொல்லப்படும் ஐந்து நிலைகளை வைத்து அத்தியாயம் பிரிக்காதீர்கள். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. பறிகொடுத்துவிட்டு உயிரோடு இருப்பவருக்கு அது வரிசையாக நடப்பதில்லை. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த விளக்கம் நாவலாசிரியருக்கு அதிகம் உதவும்: மனம் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும். இதை ஒரே நாளுக்குள் காட்டலாம். உங்கள் நாயகி காலையில் வங்கிக்குப் போய், கூட்டுக் கணக்கிலிருந்து கணவர் பெயரை நீக்கக் கையெழுத்துப் போடுகிறாள், கை நடுங்கவில்லை. மாலையில் அலமாரியில் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி கிடைக்கிறது. அதற்குமேல் அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. 'அழுதாள்' என்று எழுதத் தேவையே இருக்காது.

புதியவருக்கென்று ஒரு வாழ்க்கையும் தேவையும் பிடிவாதமும் இருக்கட்டும். அவளைத் தேற்றுவதற்காகவே அவரைப் படைக்காதீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று காட்ட ஒரு காட்சி போதும்: பேச்சுவாக்கில் இறந்தவர் பெயர் வருகிறது, இவர் என்ன செய்கிறார்? பேச்சை மாற்றுகிறாரா, இல்லை, "அப்புறம் என்ன சொன்னார்?" என்று கேட்கிறாரா? எனக்கு இரண்டாவது ரகத்தில் ஒருவர் அமைந்தார். அந்தக் கேள்வியின் அருமை தெரிந்துதான் சொல்கிறேன். குற்ற உணர்ச்சி, மகிழ்ச்சி வந்த பிறகுதான் வரும். அவள் முதலில் வாய்விட்டுச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு அது வந்து பிடிக்கட்டும்.

மாமியாரை வில்லியாக்கிவிடாதீர்கள். இந்த வகைக் கதைகளில் அதிகம் அநியாயம் நடப்பது அவருக்குத்தான். மருமகளுக்கு இன்னொரு துணை அமையலாம், ஆனால் அவருக்கு இன்னொரு மகன் கிடையாது. மருமகள் புதிய வாழ்க்கைக்குப் போனால் மகனைப் பற்றிப் பேச இருந்த ஒரே ஆளும் போய்விடுமோ என்று அவர் பயப்படலாம். அந்தப் பயத்தை அவர் பக்கத்திலிருந்தே ஒரு அத்தியாயமாக எழுதிப் பாருங்கள். நாவலிலேயே வலுவான அத்தியாயம் அதுவாக அமையக்கூடும். குழந்தைகள் இருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை காட்டட்டும். பெரியவள் முறைத்துக்கொண்டு திரியும்போதே சின்னவன் புதியவரோடு ஒட்டிக்கொள்ளலாம்.

எத்தனை மாதம் கழித்துக் காதல் வரலாம் என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு எதுவும் இல்லை. ஆனால் நினைவு நாள், பிறந்த நாள், மண நாள் மூன்றும் கதையில் எங்கே விழுகின்றன என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர் கனவில் வந்தோ, பழைய கடிதம் வழியாகவோ சம்மதம் தருகிற காட்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். யார் அனுமதியும் இல்லாமல் அவளே முடிவெடுக்க வேண்டும். கதையின் கனமே அங்கேதான் இருக்கிறது. கையெழுத்துப் பிரதி தயாரானதும், துணையை இழந்த ஒருவர் படிக்க முன்வந்தால் கொடுங்கள். எந்த இடத்தில் நம்ப முடியாமல் போனது என்று மட்டும் கேளுங்கள். அவர் காட்டும் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகவே எழுதுங்கள்.